சைலன்சர் மாட்டும் முன் நாலு கேள்வி

போன வாரம் ஒரு நாள் காலையில், உலையில் அரிசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது போன் வந்தது. நந்தினிதான். போடியில் நான் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்த பைக் ஒர்க்‌ஷாப் முன்மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண்.

“அக்கா, ஒரு கஸ்டமர் வந்திருக்காரு. புது குரூசர் வண்டி. வண்டியோட வந்த சைலன்சரக் கழட்டிட்டு வேற மாட்டணுமாம். மூணு மாடல் எடுத்து வச்சிருக்கேன். எதக் குடுக்கட்டும்? வெரசா சொல்லுங்க, நின்னுக்கிட்டே இருக்காரு.”

“எங்க ஓட்டுறாரு?”

“தினமும் போடிமெட்டு ஏறி எறங்குறாராம்.”

“எறங்குறப்ப எப்படி எறங்குவாருன்னு கேட்டியா?”

“அந்தக் கேள்வி டேப்லெட்டு ஃபாரத்துல இல்லையேக்கா” என்றாள்.

“இல்லாட்டிப் போகுது. வாயால கேளு.”

“சிரிப்பாருக்கா.”

“சிரிச்சிட்டுப் போகட்டும். கேட்டுட்டுக் குடு.”

“சரி. ஆனா ஏன்க்கா அதக் கேக்கணும்?”

அதற்குப் போனில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. சோறு கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் வாரத்துக்கு இரண்டு பேராவது போன் செய்து, “பேச்சிக்கா, என்ன சைலன்சர் போடலாம்?” என்று கேட்கிறார்கள். சிலர் வண்டியை முடுக்கி, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். இட்லிக்கு மாவு ஆட்டும்போது காதில் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் நந்தினி கேட்ட ‘ஏன்’ என்பதற்கு ஒரு தடவையாவது பதில் சொல்லத்தான் வேண்டும். பேசினால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நான் அங்கே பில் போடப் போனவள். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாது. இன்றைக்கும் எனக்கு மொபெட்டைத் தவிர வேறு வண்டி ஓட்ட வராது. முதல் வருடம் முழுக்க ஆயில் பில்லில் கறை படாமல் எழுதப் பழகினேன். இரண்டாம் வருடம் முன்மேசைக்கு வந்தேன். வண்டியை விட வருகிறவர் சொல்வதைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதி உள்ளே அனுப்புவது என் சோலி. “பொம்பளகிட்டப் போய் வண்டியப் பத்தி என்னத்தச் சொல்ல” என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்களே பிறகு, மெக்கானிக்கிடம் சொல்லக் கூச்சப்பட்ட சங்கதியை என்னிடம் சொன்னார்கள். பயிற்சி என்று நான் பெற்றது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஃபோர்மேன் வீருச்சாமி அண்ணன் போட்ட பிச்சை.

வீருச்சாமி அண்ணன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒல்லியான ஆள். எந்நேரமும் கையில் ஒரு துணி வேஸ்ட்டு இருக்கும். அதில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே பேசுவார். கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், துடைப்பது மட்டும் தொடரும். ஒரு விரலை இரண்டு தடவை துடைத்தால் நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். கஸ்டமரை ‘அப்பு’ என்பார், என்னை ‘ஆத்தா’ என்பார். யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார். “செஞ்சிருவோம் அப்பு, அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கிறேன்” என்பார். அந்த ஒன்று கேட்டு முடிவதற்குள் பாதிப் பேர் தாங்களாகவே வேண்டாம் என்று போய்விடுவார்கள்.

இந்த குரூசர் வண்டிகள் ஊருக்குள் பெருகத் தொடங்கிய காலத்தில்தான் சைலன்சர் பைத்தியமும் வந்தது. தாழ்ந்த இருக்கை, அகலமான ஹேண்டில்பார், ராஜா மாதிரி உட்கார்ந்து போகலாம். ஆனால் கம்பெனி மாட்டி அனுப்புகிற சைலன்சரில் சத்தம் அடக்கமாக இருக்கும். அது பலருக்குப் பொறுக்கவில்லை. “எறும பூன மாதிரி கத்துதுக்கா” என்று ஒருவர் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். மாட்டித் தந்த சைலன்சரோடு வந்து, அது சரியில்லை என்று திரும்பவும் மாற்றுவார்கள். வீருச்சாமி அண்ணன் இதையெல்லாம் பார்த்துவிட்டு, மதுரையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து கொண்டுவந்தார். சைலன்சர் மாற்ற வருகிற ஒவ்வொருவரின் ஜாப் கார்டுக்கும் பின்பக்கத்தில் அதைக் குத்த வேண்டும். நாலு வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கட்டம். எங்கே ஓட்டுவீர்கள். பின்னால் யார் உட்காருவார்கள். பக்கத்தில் யார் தூங்குவார்கள். இறங்கும்போது எப்படி இறங்குவீர்கள்.

எங்கே என்பதற்குக் காரணம் எளிது. சமவெளியில் மதுரை போய் வருகிறவனுக்கு நீளமான குழாய் பரவாயில்லை. போடிமெட்டு மலைக்கு ஏறுகிறவனுக்கு, வளைவில் வண்டி சாயும்போது தாழ்ந்த குழாய் தரையில் உரசும். அவனுக்குக் குட்டையானது வேண்டும். பின்னால் யார் என்பது இரட்டைக் குழாய் வண்டிக்காக வந்த கேள்வி. நம் பெண்கள் இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு ஒருக்களித்து உட்காருவார்கள். இடப்பக்கமும் ஒரு குழாய் இருந்தால் குதிகால் பொசுங்கும். ஒரு பேங்க் அதிகாரி இதைச் சொல்லியும் கேட்காமல் மாட்டிக்கொண்டு போனார். மறுவாரம் அவர் மனைவியே வந்து, உருகிப்போன பட்டு ஜரிகையை என் மேசையில் விரித்து, “இத உங்க கார்டுல எந்த வரியில எழுதுவீங்க?” என்று கேட்டார். அந்தம்மாவுக்குப் பயந்து அவர் அன்றைக்கே பழையதை மாட்டிக்கொண்டார். தூங்குகிறவர் யார் என்ற கேள்விக்குப் பலரும் சிரிப்பார்கள். பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு, இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குகிறவர் இருக்கிற வீடு, இவற்றையெல்லாம் சொல்ல வைத்த பிறகு சிரிப்பு அடங்கும்.

நாலாவதுதான் போடிக்காரர்களுக்கென்றே வைத்த கேள்வி. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியும். மெட்டிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் இஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, அடிவாரம் முந்தல் வரை வண்டியை உருட்டிக்கொண்டே வருவார்கள். பெட்ரோல் மிச்சம் என்று பெயர். மிச்சமாவது ஒரு டீக்குக் காணாது. அது ஒரு பழக்கம், அப்பன் செய்தான், மகன் செய்கிறான். இஞ்சின் ஓடும்போது கியரே வண்டியைப் பாதி பிடித்துக்கொள்ளும். நிறுத்திவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூட்டில் காய்ந்து பிடிமானம் போய்விடும்.

அதற்கும் சைலன்சருக்கும் என்ன என்று நானும் கேட்டேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“சத்தம் கம்மியான வண்டிய யாரும் காதால நம்புறதில்ல ஆத்தா. முன்னால போறவன் கண்ணாடியப் பாத்துக்கிடுவான். பெரிய சத்தம் போடுற வண்டியக் காதாலயே நம்பிருவான். சத்தம் வந்தா ஆள் இருக்கான், வரலையா, ஆள் இல்ல. ஒருத்தன் தினம் கத்திக்கிட்டே வந்துட்டு ஒருநா ஆஃப் பண்ணி வந்தான்னு வையி, முன்னால போறவன் காது ஏமாந்துரும். அதனால உருட்டுறவனுக்குச் சத்தத்தக் குடுக்காத. சத்தம் வேணுங்கிறவன உருட்டாதன்னு சொல்லு.”

மாட்டுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. மாட்டி முடித்ததும் வண்டியை முடுக்கச் சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிரே இருக்கிற வேப்ப மரத்தடிக்குப் போவார். வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்பார். பார்த்துக்கொண்டு கேட்டால் கண் காதைக் கெடுத்துவிடும் என்பது அவர் எண்ணம். குழாய்க்குள்ளே சத்தத்தை அடக்க ஒரு சின்னத் தடுப்பு இருக்கும். ஒரு திருகைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். அதைக் கழற்றித் தரச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். ஒரு நாளும் செய்ததில்லை. கழற்றிய பழைய சைலன்சரை எடைக்குப் போட விடமாட்டார். பெயர் எழுதிய அட்டையைக் கட்டிப் பரணில் தொங்கவிடச் சொல்வார். ஆறு மாதத்துக்குள் மனம் மாறி வருகிறவன் வரட்டும் என்பார். அட்டைகளில் பெயர் எழுதுவது நான்.

இனி தங்கவேலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தங்கவேல் மெட்டைத் தாண்டி கேரளப் பக்கம் இருக்கிற ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். போடிக்காரர். நாற்பது வயது இருக்கும். பதினைந்து வருடம் ஒரு ஓட்டை மொபெட்டில் மலை ஏறி இறங்கிய மனுசன், கடைசியில் ஒரு குரூசர் வாங்கினார். மனைவி செல்வி வேறொரு எஸ்டேட்டில் ஏலப்பழம் பறிக்கப் போகிறவள். அவளுக்குப் போக்குவரத்து ஜீப்பில்தான், மற்றப் பெண்களோடு. காலையில் இருவருக்கும் நேரம் வேறு. சாயங்காலம் மட்டும், அவள் வருகிற ஜீப்பும் இவர் வண்டியும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் மெட்டிலிருந்து இறங்கும்.

அவர் வந்த அன்றைக்கு வீருச்சாமி அண்ணன் கம்பெனிக் கூட்டத்துக்காக மதுரை போயிருந்தார்.

“சத்தமா ஒரு சைலன்சர் வேணுங்கா” என்றார் தங்கவேல்.

நான் வழக்கம்போலச் சிரித்தேன். “இந்த வயசுல யார மயக்கப் போறீக?”

அவர் சிரிக்கவில்லை. “பந்தாவுக்குக் கேக்கலக்கா. முந்தாநா காலையில மேல நல்ல மூடுபனி. வளவுல எதிர எஸ்டேட்டு ஜீப்பு ஏறி வந்துட்டான். ஒரு சாண்தான். என் முழங்கால ஒரசிக்கிட்டுப் போனான். நான் வந்தது அவனுக்குத் தெரியவே இல்லயாம்.”

“ஆரன் அடிக்க வேண்டியதுதான?”

“எல்லா வளவுலயும் எல்லாரும் ஆரன் அடிக்கிறான். யாருக்கா கேக்குறா? இஞ்சின் சத்தம்னா வண்டி எம்புட்டுக் கிட்ட வருதுன்னு தெரியும். எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளக்கா.”

எனக்கு அந்த மனுசனைப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடத்தில் சத்தத்துக்கு ஒரு நல்ல காரணம் சொல்லி வந்த முதல் ஆள். நல்ல காரணம் சொல்கிறவரிடம் மேற்கொண்டு கேள்வி கேட்கத் தோன்றாது. நான் கார்டைத் திருப்பி ஸ்டாம்பைக் குத்தினேன். எங்கே: மெட்டு, தினமும். பின்னால்: யாருமில்லை. பக்கத்தில் தூங்குகிறவர்: கைப்பிள்ளை இல்லை, அண்டை வீட்டார் சம்மதம். நாலாவது கட்டத்துக்குப் பேனா போனபோது அவர் மூடுபனியைப் பற்றித்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். உயிருக்குப் பயந்து சத்தம் கேட்டு வருகிறவர், இறங்கும்போது இஞ்சினை நிறுத்தவா போகிறார் என்று நினைத்தேன். கட்டத்தைக் காலியாக விட்டு, கார்டை உள்ளே அனுப்பினேன்.

குட்டைக் குழாய் ஒன்றை நான்தான் தேர்ந்தேன். உள்தடுப்போடுதான். பின்பகுதியை மட்டும் மாற்றுகிற வகை, அதனால் இஞ்சின் பக்கம் கைவைக்க வேண்டியதில்லை. மாட்டியதும் நானே ரோட்டைத் தாண்டிப் போய், வேப்ப மரத்தடியில், வண்டிக்கு முதுகு காட்டி நின்றேன். கனமான, ஒழுங்கான சத்தம். சரி என்று கையைக் காட்டினேன். அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை இப்போது எழுதவே கை கூசுகிறது. பழைய சைலன்சரில் ‘தங்கவேல்’ என்று அட்டை எழுதிப் பரணில் மாட்டச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து வந்தார். கையில் ஒரு பொட்டலம் ஏலக்காய்.

“ஜீப்பெல்லாம் தானா ஒதுங்குதுக்கா! நான் மூணு வளவு கீழ வர்றப்பவே தெரிஞ்சுருதாம்.”

“நல்லதாப் போச்சு.”

“எறங்குறப்ப மட்டும்தான், ஆக்சிலேட்டர விட்டா படபடன்னு வெடிக்குது. பட்டாசு மாதிரி.”

“புதுக் கொழாய் அப்படித்தான் இருக்கும். பழகிரும்” என்றேன்.

இறங்குவதைப் பற்றி அவரே வாய் திறந்து சொன்னார். அந்த இடத்திலாவது நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு மேசை டிராயரில் வைத்தேன்.

இரண்டு மாதம் போனது. மழை விடுகிற சமயம். ஒரு நாள் பகலில் வேன் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து தங்கவேலின் வண்டியை இறக்கினார்கள். வலப்பக்கம் முழுக்க நசுங்கிச் சப்பிப்போயிருந்தது. முந்தின நாள் சாயங்காலம், பதினோராவது வளைவில், எஸ்டேட்டு ஜீப்புக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாராம். ஆளை மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, வலது காலைத்தான் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சொன்னார்களாம்.

வண்டியோடு அந்த ஜீப் டிரைவரும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். படியில் உட்கார்ந்து, கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தெனமும் அந்தச் சத்தம் எனக்குப் பின்னாலயே வரும்ணே. அத வச்சே நான் வெலகிக்கிடுவேன். நேத்து பாதியிலேயே சத்தம் நின்னுபோச்சு. பின்தங்கிட்டாப்ளன்னு நெனச்சு, வளவுல அகலமா ஒடிச்சேன். இவரு பக்கத்துலயே வந்திருக்காரு. அவுக வீட்டம்மா என் ஜீப்புலதான் இருந்துச்சு. எல்லாப் பொம்பளைகளும் கத்திக்கிட்டு எறங்கி ஓடுதுக. அந்தப் புள்ள மட்டும் எறங்கல. உக்காந்தபடியே இருந்துச்சு.”

வீருச்சாமி அண்ணன் அவருக்கு ஒரு டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு வண்டியிடம் போனார். விபத்து வண்டியைப் பார்ப்பதற்கும் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எதையும் தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டி ஒரு சுற்று வருவார். பிறகு உட்கார்ந்து, கீழிருந்து மேலாகப் பார்ப்பார். பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார், அது தடையில்லாமல் சுற்றியது. “நியூட்ரல்” என்றார். முன் பிரேக் தட்டைப் பார்த்தார். சூடேறி நீலம் பாரித்திருந்தது. “காஞ்சிருக்கு” என்றார். கடைசியாக ஹேண்டில்பாருக்கு வந்தார். சாவி ஆனிலேயே இருந்தது, அதனால் பேட்டரி செத்துப்போயிருந்தது. ஆனால் வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற சிவப்பு சுவிட்ச், இஞ்சினை நிறுத்துவது, ஆஃபில் இருந்தது.

விழுந்த பிறகு வந்து நிறுத்துகிறவன் சாவியைத்தான் திருகுவான். சிவப்பு சுவிட்சை அமுக்கியது ஓட்டிவந்த கட்டைவிரல்தான். யாரும் விளக்கிச் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

அவர் என் மேசைக்கு வந்தார். “அந்தக் கார்டக் கொண்டா ஆத்தா.”

எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். காலிக் கட்டத்தில் கண் நின்றது.

“கேட்டியா?”

“கேக்கலண்ணே.”

விரலைத் துடைக்கத் தொடங்கினார். ஆள்காட்டி விரலை ஒரு தடவை. மறுபடியும் அதே விரலை. மறுபடியும். அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும். அவர் திட்டவில்லை. “கேட்டிருந்தாலும் அவன் நெசத்தச் சொல்லியிருப்பான்னு என்ன நிச்சயம்” என்றார். அது எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னது, அவர் அதை நம்பவில்லை. நம்பியிருந்தால் அந்த ஸ்டாம்பைச் செய்திருக்கவே மாட்டார். கார்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“இத நீயே வச்சுக்க. கிழிச்சிராத.”

அதன்பிறகு அவர் ஓய்வு பெறும்வரை இந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் அதன்பிறகு ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. யார் சிரித்தாலும், வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் கேட்பேன். ‘பேச்சிக்காவோட வாக்குமூலம்’ என்று பையன்கள் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறேழு மாதம் கழித்துத் தங்கவேல் ஆட்டோவில் வந்தார். செயற்கைக் கால் வைத்திருந்தார்கள், நடை இன்னும் படியவில்லை. வண்டியைச் சரிசெய்து ஓரமாக நிறுத்தியிருந்தோம். அதை ஓட்டிப் போக ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தார். அவரை உட்கார வைத்து, நான் கேட்காமல் விட்ட சங்கதியைச் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது என்கிற நிலைமை.

“விடுங்கக்கா. சுவிட்ச அமுக்குனது என் கை. நீங்களா வந்து அமுக்குனீக?”

“ஏன் அமுக்குனீக? சத்தம் வேணும்னுதான மாட்டுனீக.”

அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். “என்னமோ ஒரு கிறுக்கு” என்றார். பெட்ரோல் என்றுகூடச் சொல்லவில்லை. பழைய சைலன்சரை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன், கிடக்கட்டும் என்று கிளம்பிவிட்டார்.

அது கிடந்தது. ஆறு மாதக் கெடு தாண்டிப் பல வருடம் பரணிலேயே தொங்கியது. நான் ஓய்வு பெறுகிற மாதம், ஒர்க்‌ஷாப்பைப் புதுப்பிக்கப் போகிறோம், பரணைக் காலி செய்யுங்கள் என்றார்கள். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டார்கள். ஜாப் கார்டு கட்டுகளும் போயின. ரப்பர் ஸ்டாம்பை யாரோ குப்பையில் போட்டிருந்தார்கள், கைப்பிடி கழன்றுவிட்டது. தங்கவேலின் சைலன்சரை மட்டும் நான் ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அந்தக் கார்டு எப்போதும் என் பையிலேயே இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். தங்கவேல் இப்போது ஊருக்குள் ஒரு ஏலக்காய்க் கடையில் எடை போடுகிறார், அந்த நேரம் அங்கே இருந்தார். செல்வி மட்டும் இருந்தாள். அவள் மலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டிலேயே பாயை விரித்து, ஏலக்காயைக் கொட்டி, தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி அந்த வண்டி நின்றது. விற்கவுமில்லை, யாரும் ஓட்டுவதுமில்லை.

சாக்கைப் பிரித்துக் காட்டினேன். அட்டையில் என் கையெழுத்து மங்கியிருந்தது.

“இத எதுக்குக்கா இம்புட்டுத் தூரம் தூக்கியாந்தீக?” என்றாள். பிறகு குழாயைத் தொட்டுப் பார்த்தாள். “இதுல சத்தமே வராது. இல்லக்கா?”

“வராது.”

குழாயை ஓரமாக நகர்த்தி வைத்தாள். “அக்கா, ஒண்ணு கேக்கணும். ஒங்க ஒர்க்‌ஷாப்புல சைலன்சர் மாட்டுறதுக்கு முன்னால, எறங்குறப்ப எப்படி எறங்குவேன்னு கேப்பீகளாம்ல? இவருகிட்டக் கேட்டீகளா?”

“எதுக்குக் கேக்குற?”

“கேட்டு, இவரு எப்பவும் ஆஃப் பண்ணித்தான் எறங்குவேன்னு சொல்லியிருந்தா...” ஒரு ஏலக்காயை எடுத்துத் திரும்பவும் குவியலில் போட்டாள்.

“அந்தக் கொழாய் எறங்குறப்ப வெடிக்கும்க்கா. ஜீப்புக்குப் பின்னாலயே படபடன்னு வருவாரு. பின்னால உக்காந்திருக்க பொம்பளைக பூராம் காதப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாளுக. ‘செல்வி புருசன் வேட்டு போட்டுக்கிட்டு வாராரு, மாலையக் கொண்டா’ம்பாளுக. எனக்குத் தூக்குப் போட்டுக்கிடலாம் போல இருக்கும். முந்துன நா ராத்திரி சோத்தப் போட்டுட்டுச் சொன்னேன். ஜீப்புக் கிட்ட வந்தா அந்தச் சனியன ஆஃப் பண்ணிருங்கன்னு. மறுநா ஆஃப் பண்ணிட்டாரு. நாலஞ்சு வளவு சத்தமில்லாம உருட்டிக்கிட்டே பின்னால வந்தாரு. நான் திரும்பி அவரப் பாத்தேன். அவரும் என்னப் பாத்து லேசாச் சிரிச்சாரு. அதுக்குள்ள வளவு வந்துருச்சு.”

எல்லோரும் இறங்கி ஓட, அவள் மட்டும் ஏன் உட்கார்ந்தபடி இருந்தாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. தங்கவேல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ‘ஒரு கிறுக்கு’ என்று சொன்னதும் எதற்கு என்று தெரிந்தது. இத்தனை வருடம் நான் ஒருத்திதான் இதைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

“இதுவரைக்கும் என்ன ஒரு வார்த்த சொன்னதில்லக்கா அந்த மனுசன்” என்றாள். “கேட்டீகளா, இல்லையா?”

கேட்டேன் தாயி, எப்போதும் ஆஃப் பண்ணித்தான் இறங்குவேன் என்று சொன்னார், நீ சொன்னதால் இல்லை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆனால் இஞ்சின் ஓடினால்தான் வெடிக்கும், தினமும் படபடவென்று வெடித்ததைக் காதால் கேட்டவள் அவள். பொய் என்று அடுத்த நாளே தெரிந்துபோகும். தெரிந்த பிறகு, பொய் சொல்லி ஆற்றும் அளவுக்குத் தன் குற்றம் பெரிதா என்று நினைத்துக்கொண்டே கிடப்பாள்.

பையிலிருந்து கார்டை எடுத்தேன். திருப்பி, ஏலக்காய்க் குவியலுக்கு இந்தப் பக்கம், அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நாலாவது வரிக்கு எதிரில் விரல் நின்றது.

“காலியா இருக்கு” என்றாள்.

“நான் கேக்கல. கேட்டு எழுத வேண்டியது என் சோலி. கேட்டிருந்தா அந்தக் கொழாயவே குடுத்திருக்க மாட்டேன். இல்லாட்டி, ஆஃப் பண்ணாதீகன்னு சொல்லி அனுப்பியிருப்பேன். வெடிக்குதுன்னு அவரே வந்து சொன்னாரு, அப்பவும் கேக்கல.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றும் இருந்தது.

“அப்ப, நாம ரெண்டு பேருமாக்கா?” என்றாள்.

“ஆமா” என்றேன்.

அவள் ஏலக்காயை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, தள்ளி உட்கார்ந்து, பாயில் எனக்கு இடம் விட்டாள்.